ஒரே பெயர், வேற வேற வேலை: 'டயகனலைசேஷன்' குழப்பம் தீர எளிய விளக்கம்

தர்மபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் மாணவர், முதலாம் ஆண்டு கணக்குப் பாடத்திலேயே 'டயகனலைசேஷன்' படித்துவிடுவார். பின்னர் 'தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்' பாடத்தில் அதே வார்த்தை திரும்ப வரும். 'இதுதான் தெரியுமே' என்று பக்கத்தைப் புரட்டினால் மாட்டிக்கொள்வார். இரண்டிலும் இருப்பது மூலைவிட்டம்தான். ஆனா, வேலை வேறு.

மேட்ரிக்ஸில் என்ன வேலை?

சிக்கலை எளிதாக்குவது. மேல் வரிசையில் 2, 1; கீழ் வரிசையில் 1, 2 உள்ள மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்வோம். இதன் 10-வது அடுக்கு வேண்டும் என்றால், திரும்பத் திரும்பப் பெருக்கியே கை ஓய்ந்துவிடும். சரியான திசைகளில் வைத்துப் பார்த்தால், மூலைவிட்டத்தில் 3, 1 மட்டும் நிற்கும். மற்ற இடங்களில் 0. இவைதான் ஐகன் மதிப்புகள். இப்போ 3-ன் 10-வது அடுக்கு 59,049. 1 எப்பவும் 1. பழைய திசைக்குத் திரும்பினால் விடை: மூலைவிட்டத்தில் 29,525, மற்ற இடங்களில் 29,524.

எல்லா மேட்ரிக்ஸும் இதற்கு மசியாது. மேலே 1, 1. கீழே 0, 1 என்று இருந்தால் முடியாது.

லாஜிக்கில்?

பட்டியலில் விடுபட்டதைப் பிடிப்பது. வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு மாணவர். ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள். முதல் மாணவரின் முதல் நாள், இரண்டாமவரின் இரண்டாம் நாள் என மூலைவிட்டமாக இறங்கி, 'வந்தார்' என்பதை 'வரவில்லை' என்றும், 'வரவில்லை' என்பதை 'வந்தார்' என்றும் மாற்றுங்கள். கிடைக்கும் புது வரி, யாருடைய வரியோடும் முழுசாகப் பொருந்தாது. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு நாளாவது மாறுபடும்.

பதிவேடு முடிவில்லாமல் நீண்டாலும் இதே கதைதான். 1891-ல் கேன்டர் இரண்டே குறியீடுகளை வைத்து இதைக் காட்டினார். முடிவிலிகளிலும் சிறியது, பெரியது உண்டு என்பது இதிலிருந்து உறுதியானது. 1931-ல் கோடெல், 'என்னை நிரூபிக்க முடியாது' என்று தன்னைப் பற்றியே சொல்லும் கணித வாக்கியத்தை உருவாக்கினார். அதற்குள் இருப்பதும் மூலைவிட்ட உத்திதான்.

ஐடி வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எந்த ப்ரோகிராம் முடியும், எது முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் 'செக்கர்' இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் ப்ரோகிராம் ஒன்றை எழுதி, அதனிடம் அதையே கொடுத்தால்? 'முடியும்' என்றால் ஓடிக்கொண்டே இருக்கும். 'முடியாது' என்றால் நின்றுவிடும். ஆக, எல்லா ப்ரோகிராமுக்கும் பொருந்தும் செக்கர் இருக்கவே முடியாது. இதுதான் 'ஹால்டிங் பிராப்ளம்'. 1936-ல் ஆலன் ட்யூரிங் எழுதிய கட்டுரையில் இருந்து வளர்ந்த முடிவு இது. டெஸ்டிங் வேலை முழுசாக ஒழியாது என்பதற்கு, கணக்கே தரும் காரணம்.

தேர்வுக்கு முன்னால் நினைவில் வைக்க: மேட்ரிக்ஸில் மூலைவிட்டத்தை மட்டும் மிச்சம் வைக்கிறோம், லாஜிக்கில் மூலைவிட்டத்தைத்தான் மாற்றுகிறோம்.