உங்களுக்குத் தெரியுமா? கால் மில்லிமீட்டர் வம்பு

தொலைநோக்கியில் கேமராவை மாட்டும் ‘டி-ரிங்’ வெறும் அலுமினிய வளையம்தான். ஒரகடம் பக்கம் லேத்தில் மரை வெட்டுகிறவர்களுக்கு அதன் சூட்சுமம் சட்டென்று புரிந்துவிடும்: விட்டம் 42 மி.மீ., பிட்ச் 0.75.

பழைய பிராக்டிகா கேமராவின் மரையும் 42 மி.மீ.தான், பிட்ச் மட்டும் 1 மி.மீ. இரண்டையும் சேர்த்துத் திருகினால் முதல் சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகிக்கொள்ளும். முறுக்கினால் மரை போச்சு!

தடிமனிலும் கணக்கு உண்டு. டி-மரையிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. வேண்டும். கேனான் இஎஃப் மவுண்ட் கேமராவுக்குள்ளேயே 44 போய்விடுவதால் வளையத்துக்கு மிச்சம் 11. நிக்கான் எஃப் என்றால் 8.5.

இப்படி மாட்டும்போது கண்வில்லைக்கு வேலையில்லை, தொலைநோக்கியே லென்ஸ். காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் முதன்மைக் குவியத்தில் நேராக சிசிடி கேமராதான்.