மலைப்பாதையும் காற்றடிக்கும் கருவியும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், உடுதும்பறையைத் தாண்டியபின், பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற இறக்கம் வருகிறது. மழைக்கால இரவொன்றில் அங்கே வண்டியின் சக்கரம் ஒன்று காற்றிழந்து தளருமாயின், அருகில் பெற்றோல் நிலையம் திறந்திருக்கும் என்று நம்புவதற்கில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து விரிகிறது. அதனால் வெப்பம் மிகுகிறது. வளைவிலே வண்டி சாரதியின் கைக்கு அடங்க மறுக்கிறது. ஆகவே, மலைநாட்டில் வாகனம் செலுத்துவோர் கம்பிரசர் எனப்படும் சிறிய காற்றடிக்கும் கருவியை உடன்கொண்டு செல்வது ஆடம்பரமன்று. எதனை வாங்குவது என்பதிலேதான் பலர் ஏமாறுகின்றனர்.

கருவி வரும் பெட்டியின்மீது, சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அமுக்கம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாதாரண மோட்டார் காருக்கு வேண்டியது 30 இறாத்தல் அளவே. எஞ்சிய 120 இறாத்தலால் வாங்குபவருக்கு யாதொரு பயனும் இல்லை. அவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றை இக்கருவி உட்செலுத்தும்?

சிறிய காரின் டயர் ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 30 லீற்றர் என்று கொள்வோம். 20 இறாத்தலிலிருந்து 30 இறாத்தலுக்கு அதனை உயர்த்த, வெளிக்காற்றில் சுமார் 20 லீற்றர் வேண்டும். முற்றாகத் தளர்ந்த டயருக்கு 60 லீற்றர் வேண்டும். நிமிடத்துக்கு 10 லீற்றர் உண்மையாகவே தரும் கருவி முதல் வேலையை 2 நிமிடத்திலும், இரண்டாவதை 6 நிமிடத்திலும் முடிக்கும். ஆனால் பெட்டியில் காணும் லீற்றர்க் கணக்குப் பெரும்பாலும் எதிரமுக்கம் இல்லாதபோது அளந்தது. டயர் நிரம்ப நிரம்ப அது குறைந்துகொண்டே போகும்.

உயரமும் தன் பங்கைச் செய்கிறது. கண்டி நகர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலால் கம்பிரசரின் ஒவ்வோர் அடியும் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உள்ளிழுக்கும். கொழும்பில் திருப்தியளித்த சிறு கருவி அங்கே திணறுவதற்குக் காரணம் இதுவே. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கண்டியில் காற்றடித்த டயரை நுவரெலியாவில் அளந்தால், வெளியமுக்கம் குறைந்ததனால் மானி சுமார் 2 இறாத்தல் கூடுதலாகக் காட்ட முற்படும். குளிரோ அதில் ஓர் இறாத்தலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்காகக் காற்றைத் திறந்துவிட வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் சிந்திக்கவேண்டும். காரின் சிகரெற் பற்றவைக்கும் துளையில் பொருத்தும் 12 வோல்ற் கருவிகளிற் பல, 10 முதல் 15 அம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கும். அத்துளைக்குரிய பியூஸ் எனப்படும் உருகி அதனைத் தாங்குமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்வது நன்று. இதைவிட வலிய கருவிகள் பற்றரியின் முனைகளிலேயே நேரடியாகக் கவ்வவேண்டியவை. எஞ்சினை இயங்கவிட்டுக் காற்றடித்தால் பற்றரி களைப்படையாது. எனினும் மூடிய கராஜினுள் அவ்வாறு செய்தல் உயிருக்கே ஆபத்து. உள்ளே மின்கலம் கொண்ட கருவிகள் கையாள எளியவை. ஆயினும் ஆறு மாதம் வண்டியில் மறந்து கிடந்தவை வேண்டிய இரவில் உறங்கிவிடும்.

கருவியோடு ஒட்டிய அமுக்கமானியை முழுதாக நம்பலாகாது. நல்ல தனி மானியொன்று வாங்கினால், அது பத்து வருடம் உழைக்கும். நிரப்பவேண்டிய அளவு, டயரின் பக்கச்சுவரில் பொறித்த எண் அன்று. அது அந்த டயர் தாங்கும் உச்சம். வாகனம் செய்தோர் விதித்த அளவைச் சாரதியின் கதவோரத் தூணில் ஒட்டியிருப்பர். வண்டி ஓடாது குளிர்ந்திருக்கும் வேளையில் அளப்பதே முறை. கடுகண்ணாவை இறக்கத்தை முடித்த கையோடு அளந்தால் மானி சில இறாத்தல் மிகையாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை வெளியேற்றுவோர் மறுநாட் காலையில் குறைந்த அமுக்கத்தோடு மலையேறுகின்றனர்.

முச்சக்கர வண்டிக்காரர் இதற்கெல்லாம் செலவழிக்க வேண்டியதில்லை. அவருடைய சிறு டயருக்குக் காலால் மிதிக்கும் பம்பே போதும். அதற்கு உருகியும் இல்லை, பற்றரியும் இல்லை. காராயினும் சரி, டயர் சக்கர விளிம்பைவிட்டுக் கழன்றிருந்தால் எந்தச் சிறு கம்பிரசராலும் அதனை மீண்டும் இருத்துவது அரிது. அப்போது மேலதிகச் சக்கரத்தைத்தான் எடுத்து மாட்டவேண்டும். அதற்கும் மாதம் ஒருமுறை காற்றுப் பார்த்திருக்கவேண்டும்.