எனக்குப் பிடித்தவன் டேக்தான்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படி வேலை ஒழிந்ததும், நானும் என் பெண்ணும் 'ரிப்ளை 1988' பார்க்க உட்காருவோம். 2015-16இல் வந்த கொரியத் தொடர். மொத்தம் 20 பாகம். ஸியோல் நகரில் ஒரே சந்துக்குள் ஐந்து குடும்பங்கள். சாப்பாட்டு நேரத்தில் கிண்ணங்கள் வீட்டுக்கு வீடு போய்வரும்!

அந்தச் சந்துப் பெண் டொக்ஸன் மேல் இரண்டு பேருக்கு ஆசை. ஜங்ஹ்வான் வாயே திறக்க மாட்டான். அவள் வெளியே வரும்வரை வாசலில் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். பஸ் நெரிசலில் அவள்மேல் யாரும் இடிக்காமல் கையை அணை கொடுத்து நிற்பான். பேச்சு மட்டும் சிடுசிடு! டேக், பலகையில் காய் வைக்கும் ஆட்டத்தில் சூரன், மற்றபடி சாது.

"ஜங்ஹ்வான் பாவம்மா" என்று என் பெண் கண்ணைக் கசக்கினாள். எனக்கு ஒப்பவில்லை. கச்சேரி வாசலில் டொக்ஸன் தனியாக நிற்கிறாள் என்றதும் இருவரும் ஓடி வருகிறார்கள். வழியெல்லாம் ஜங்ஹ்வானுக்குச் சிவப்பு விளக்கு. போட்டியையே உதறிவிட்டு டேக் முந்திவிடுகிறான். விளக்கில் தப்பில்லை, தன் தயக்கம்தான் காரணம் என்று ஜங்ஹ்வானே பிறகு உணர்கிறான்.

என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான். காய்ச்சல் என்றால் மாத்திரை மேஜைக்கு வந்துவிடும், "எப்படி இருக்கே?" என்ற வார்த்தை வராது. இருபத்திரண்டு வருஷமாக ஊகித்தே குடும்பம் நடத்துகிறேன்.

"ஊகிக்கிற பாடு உனக்கு வேண்டாம்டி" என்றேன்.

"நீ அப்பாகிட்ட என்னிக்காவது வாய்விட்டுச் சொல்லியிருக்கியாம்மா?" என்றாள்.

கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.