வேலை பழக்கும் முறை

நாற்று நடுகைக் காலத்திற் புதிய ஆட்கள் வயலில் இறங்குவதும், நாற்றுக்கள் மிக ஆழமாக ஊன்றப்பட்டுவிட்டன எனச் சில நாட்களின் பின்னர் கமக்காரர் வருந்துவதும் பல இடங்களிற் காணப்படுவனவாகும். "எத்தனை முறை சொன்னேன், கேட்டார்களில்லை" என்பதே அப்பொழுது எழும் முறைப்பாடு. ஆனால், வரம்பில் நின்று சொல்லுதல் மாத்திரம் ஒருவரை வேலையிற் பழக்கமாட்டாது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்சாலைகளிற் புதிய தொழிலாளரை விரைவிற் பழக்கும்பொருட்டு நான்கு படிகளைக் கொண்ட முறையொன்று கையாளப்பட்டது. அது வயலுக்கும் தோட்டத்துக்கும் பொருந்தும். நெல் நடுகையை உதாரணமாகக் கொண்டு அதனை விளக்குவாம்.

1. ஆயத்தப்படுத்தல்: வேலைக்கு வந்தவர் முன்னர் நாற்று நட்டதுண்டா என அன்பாக விசாரித்தறிக. தெரிந்ததையே திரும்பச் சொன்னாற் சலிப்புண்டாகும். தெரியாததைத் தெரியுமென எண்ணினால் நட்டமுண்டாகும். நாற்று, கயிறு முதலியன முன்னரே வயலில் இருத்தல் வேண்டும்.

2. செய்து காட்டல்: எதிரே நில்லாது, அவருக்குப் பக்கத்தில் நின்று நட்டுக் காட்டுக. எதிரே நின்றால் இடக்கை வலக்கை மாறித் தோன்றும். ஓரிடத்தில் 2 அல்லது 3 நாற்றுக்கள் போதும். ஆழம் ஏறக்குறைய 1 அங்குலம். அவ்வளவைச் சொல்லால் மாத்திரமன்றி விரலிலும் குறித்துக் காட்டுக. ஆழம் மிகுந்தால் மட்டம் பெயர்த்தல் பிந்திக் குறையும் என்ற காரணத்தையும் கூறுக. காரணம் அறிந்தவர், நீங்கள் அருகில் இல்லாதபோதும் ஒழுங்காக நடுவார்.

3. செய்வித்தல்: இப்பொழுது அவரே நடுக, நீங்கள் பாருங்கள். "விளங்கிற்றா?" என்று கேட்டால், விளங்காதவரும் "ஓம்" என்பார். ஆகையால், "நாற்றை ஏன் ஆழமாக ஊன்றலாகாது?" என்று கேட்டு, விடையை அவர் வாயாலேயே சொல்லச் செய்க. பிழையை அப்பொழுதே திருத்துக. பிறர் முன்னிலையில் ஏசற்க. ஏச்சுக் கேட்டவர் அடுத்த ஐயத்தை உங்களிடம் கேட்கமாட்டார்.

4. தொடர்ந்து கவனித்தல்: அரை மணி நேரத்தின் பின் திரும்பிச் சென்று, சில நாற்றுக்களைப் பிடுங்கி ஆழத்தைப் பார்க்க. வேலை செம்மையாயிருந்தால் அதனை வாய்விட்டுச் சொல்லுக. பின்னர் பார்க்கும் இடைவேளையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

மரக்கறிச் செய்கையாளர் பீடைநாசினி தெளிக்கப் பழக்கும்போது இம்முறையை ஒருபோதும் கைவிடலாகாது. அங்கு நேரும் பிழை பயிரோடு நில்லாது. ஆளின் உயிரையும் தொடும். முதலிற் கருவியில் வெறும் தண்ணீரை நிரப்பிப் பழக்குக. காற்று மருந்தை முகத்துக்குக் கொணராத திசையில் நடக்கச் செய்க. நுனித்துளை அடைபட்டால் வாயால் ஊதலாகாதென்பதைச் செய்து காட்டி உணர்த்துக. கொள்கலத்திலுள்ள சிட்டையை வாசிக்க அறியாதவருக்கு அதனை வாசித்து விளக்குக. மருந்தின் அளவையும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாமென்பதையும் அவரைக் கொண்டே திரும்பச் சொல்விக்க.

நடுகை இடைவெளி நெல்லினத்தின் வயதுக்கேற்ப மாறுமாதலால், வேலை பழக்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அதனைக் கேட்டறிந்துகொள்க. முதல் நாட் காலையில் இவ்வாறு செலவிடும் ஒரு மணி நேரம், அப்போகத்து விளைச்சலைக் காக்க உதவும்.