களிநிலத்து ஆழ்குழியின் உறுதி

நம் தீபகற்பத்திலே கிணறு வெட்டுவோர் மேல்மண்ணைக் கழித்தபின் சுண்ணக்கற்பாறையை அடைகின்றனர். அப்பாறை முண்டுகொடாமலே செங்குத்தாக நிற்கும். களிமண்ணின் இயல்போ வேறு. மென்களி நிலத்திலே ஆழ்ந்த குழி தோண்டுமிடத்து அது நிலைக்குமா என்பதை முன்னரே கணித்தறிதல் வேண்டும். அக்கணிப்பின் அடிப்படையை ஈண்டு ஆராய்வாம்.

இத்தகைய குழியின் இருமருங்கும் முதலிற் கொங்கிறீற்றுச் சுவரேனும் உருக்குத் தகட்டுச் சுவரேனும் நிலத்துள் இறக்கப்படும். பின்னர் மண்ணை அகழுந்தோறும் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை உருக்கு முண்டுகள் நிரைநிரையாகப் பொருத்தப்படும். இவ்வமைப்புக்கு நேரக்கூடிய கேடு இருவகைத்து: ஒன்று, பக்கத்து மண் சுவரை உள்ளே தள்ளி முண்டுகளை முறித்தல், மற்றையது, குழியின் அடித்தளம் மேலெழுதல்.

இரண்டாவது கேடு எவ்வாறு நிகழும்? குழிக்குள் மண் அகற்றப்பட்டது. வெளியிலோ மண்ணின் பாரம் முன்போலவே உள்ளது. அப்பாரத்தைத் தாங்கும் வலி களிக்கு இல்லையாயின், அது சுவரின் கீழாக வழுக்கிக் குழியினுட் பொங்கும். இதனைக் கணிக்கும் வழியைத் தெர்சாகி என்னும் பேரறிஞர் 1943இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மண்ணின் அடர்த்தியை ஆழத்தாற் பெருக்கிக் களியின் வலியால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் ஏறத்தாழ ஆறினை நெருங்குமாயின் அபாயம் அணித்தென்க. குழியின் வடிவுக்கேற்ப இவ்வெல்லை மாறுமாற்றைப் பியெரம், ஐடே என்போர் 1956இல் ஆராய்ந்தனர்.

ஓர் உதாரணம் காண்க. ஒரு கன மீற்றர் களி 1.6 தொன் நிறையுடையது. குழியின் ஆழம் 10 மீற்றர். ஆகவே அடியில் ஒரு சதுர மீற்றருக்கு 16 தொன் பாரம் உண்டு. களியின் வலி 4 தொன்னாயின் நாம் பெறும் எண் 4. காப்புக் காரணி ஆறின்கீழ் நான்கு, அதாவது 1.5. வலி 2 தொன்னேயாயின் எண் 8 ஆகும், அடித்தளம் நில்லாது. ஆழம் மாறாதிருப்பவும் மண்ணின் வலியே முடிவை மாற்றிவிடுதல் காண்க.

அவ்வலியை மிகைப்படக் கணித்தலால் விளையும் தீங்கிற்குச் சிங்கப்பூரே சான்று. அங்கே கடற்களி நிலத்திலே நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைக்காக நிக்கோல் நெடுஞ்சாலையருகே தோண்டப்பட்ட குழி, 2004 ஏப்பிரல் 20இல், ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில் இடிந்து வீழ்ந்தது. நால்வர் மாண்டனர். பத்தாம் நிரை முண்டுகளைப் பொருத்துவதற்காக அகழ்ந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் நிரையின் முண்டுகளைச் சுவரோரத்து வளைகளுடன் பிணைத்த இணைப்புகள் நெளிந்தன. அவை விட்ட பாரம் ஏனைய முண்டுகள்மேற் சாரவே யாவும் வீழ்ந்தன.

விசாரணைக்குழு இரு பிழைகளைச் சிறப்பாக எடுத்துக்காட்டியது. களியின் நுண்டுளைகளிலுள்ள நீர் விரைவில் வெளியேறாது. ஆதலின் விரைந்து அகழுங்காலத்து நீர் வடியாத நிலைக்குரிய வலியையே கொள்ளல் வேண்டும். கணினியிற் கையாண்ட முறை அவ்வலியை உள்ளதினும் மிகுத்துக் காட்டியமையாற் சுவரின் வளைவும் அதன் மீதான விசைகளும் குறைவாக மதிப்பிடப்பட்டன. மற்றையது, இணைப்புகள் போதிய உறுதியின்றி அமைக்கப்பட்டமை. ஒரு பிழை பாரத்தைக் கூட்ட, மற்றது தாங்கும் ஆற்றலைக் குறைத்தது.

இதனாற் பெறப்படுவது யாது? அடித்தளத்தைக் கணித்த அளவில் ஆராய்ச்சி முடிவதில்லை. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனி சோதித்தல் வேண்டும். சுவரின் அசைவையும் முண்டுகளின் பாரத்தையும் கருவிகளால் நாடோறும் அளத்தல் வேண்டும். அளவைகள் கணிப்பை மீறுமிடத்து, எல்லையை உயர்த்தி வேலையைத் தொடராது, அகழ்தலை நிறுத்திக் காரணம் ஆராய்தலே முறை. வேலை தாமதிப்பினும், குழியினுள் நிற்போரின் உயிர் அதனாற் காக்கப்படும்.