பர்மாவிலிருந்து வந்த பண்டம்

அரும்பாவூரிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், முதலில் பேசுவது சாப்பாட்டு விஷயந்தான். சேப்பாக்கத்தில் படிப்பவர்களுக்குத் திருவல்லிக்கேணியே உலகம். 1948-ல் தொடங்கிய ரத்னா கபேயின் இட்டிலியும் சாம்பாரும் அருகிலிருக்க, வேறெங்கே போவது என்பார்கள்.

நம்மிடம் பயின்ற மாணாக்கர் இருவர் மட்டும் ஒரு மாலை அந்த எல்லையைத் தாண்டி, பாரிமுனையில் பர்மா பஜார்ப் பக்கம் போய் 'அத்தோ' சாப்பிட்டார்களாம். வேகவைத்த நூடுல்ஸுடன் கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் பண்டம் அது. கூடவே வாழைத்தண்டு சூப்பு.

"ருசியாய்த்தான் இருந்தது, ஐயா! ஆனால் இது சென்னைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்கள்.

சொன்னோம். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-ல் கடைகளும் வர்த்தகமும் அரசாங்க உடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர் பல்லாயிரம் பேர், சேர்த்த சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சொத்து போயிற்று, கைப்பக்குவத்தை யார் பறிமுதல் செய்ய முடியும்? வந்த இடத்தில் அதுவே பலருக்குப் பிழைப்பாயிற்று.

வகுப்பில் பர்மாவைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. ஒரு தட்டு அத்தோ கேட்க வைத்துவிட்டது!

மாதந்தோறும் பணம் அனுப்பும் பெற்றோர்களே, ஒரு நாளாவது கல்லூரித் தெருவைத் தாண்டிப் போய்ச் சாப்பிடும்படி பிள்ளைகளுக்கு எழுதுங்கள். சமைத்தவர் எங்கிருந்து வந்தார் என்று விசாரிக்கவும் சொல்லுங்கள்.