நகர அரங்கம் யாருடையது? பொது அரங்க ஆணையம் அமைப்பது எப்படி, நடத்துவது எப்படி? முழு விளக்கம்

ஊரில் ஒரு பெரிய அரங்கம் கட்டுகிறார்கள். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுகிறார். நாளிதழ்களில் படம் வருகிறது. ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஏசி ஓடவில்லை, கழிவறைக்குப் பூட்டு, மேடைத் திரை கிழிந்து தொங்குகிறது. "ஏன் இப்படி?" என்று கேட்டால் பொறியியல் பிரிவு வருவாய்ப் பிரிவைக் காட்டுகிறது, வருவாய்ப் பிரிவு ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது.

கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது. கட்டிய பிறகு அதை யார் நடத்துவது, எந்த அதிகாரத்தோடு நடத்துவது, யாருக்குக் கணக்குக் காட்டுவது என்ற கேள்விக்குத்தான் பதில் இருப்பதில்லை. உலகின் பல நகரங்கள் இதற்காகவே தனி அமைப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. அதுதான் பொது அரங்க ஆணையம். அது எப்படி உருவாகிறது? நமக்கு அது தேவையா? பார்க்கலாம்.

பொது அரங்க ஆணையம் என்றால் என்ன?

மாநாட்டு மண்டபம், கலையரங்கம், விளையாட்டு அரங்கம், கண்காட்சிக்கூடம் போன்ற பொது இடங்களைக் கட்டவும் பராமரிக்கவும் வாடகைக்கு விடவும் சட்டப்படி உருவாக்கப்படும் தனி அமைப்பு இது. மாநகராட்சியின் ஒரு பிரிவு அல்ல. தனியார் நிறுவனமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொது அமைப்பு.

தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடரலாம், அதன் மீதும் வழக்குப் போடலாம். பெரும்பாலும் வரி விதிக்கும் அதிகாரம் மட்டும் இருக்காது. அந்த அதிகாரம் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்திடமே இருக்கும்.

வெளிநாட்டில் எப்படி நடக்கிறது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் நகரம் நல்ல உதாரணம். பர்மிங்காம் நகரமும் அது அமைந்துள்ள ஜெஃபர்சன் கவுன்டியும் சேர்ந்து பயன்படுத்தும் அரங்க வளாகத்துக்காக, 1965-ல் மாநில சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மாநாட்டுக்கூடம், இசையரங்கம், உள்விளையாட்டு அரங்கம் எல்லாம் அந்த வளாகத்தில் வந்தன. 2021-ல் அதே ஆணையத்தின் பொறுப்பில் புதிய கால்பந்து மைதானமும் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் உலக விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா அங்கேதான் நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பணம் வந்த வழி. அந்த மைதானத்துக்காக நகர நிர்வாகம் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வீதம் 30 ஆண்டுகளுக்கும், கவுன்டி நிர்வாகம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வீதம் 30 ஆண்டுகளுக்கும் தருவதாக ஒப்புக்கொண்டன. அதாவது, யார் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்குத் தருவார்கள் என்பது முதலிலேயே எழுத்தில் இருந்தது. மேயர் மாறினாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

ஆணையம் அமைக்கும் படிகள் என்னென்ன?

அமெரிக்க மாநிலச் சட்டங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஆனால் அடிப்படை வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் படி, அதிகாரம் தரும் சட்டம். உள்ளாட்சி அமைப்பு தன் விருப்பத்துக்கு ஓர் ஆணையத்தை உருவாக்க முடியாது. மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம். ஆணையம் ஏன் தேவை, எந்த எல்லைக்குள் இயங்கும் என்பதை மன்றம் விவாதித்து நிறைவேற்ற வேண்டும்.

மூன்றாவது, அமைப்பு ஆவணத்தைப் பதிவு செய்வது. பெயர், நோக்கம், உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம் எல்லாம் இதில் இருக்கும்.

நான்காவது, நிர்வாகக் குழு நியமனம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நாளில் பதவிக்கு வந்து ஒரே நாளில் போகாதபடி பதவிக்காலத்தை மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். ஆட்சி மாறும்போது குழு மொத்தமும் கலையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஐந்தாவது, சொத்து ஒப்படைப்பு. நிலம் ஆணையத்துக்குச் சொந்தமாகத் தரப்படுகிறதா, குத்தகைக்கா, பராமரிப்புக்கு மட்டுமா? ஆணையம் ஒருநாள் கலைக்கப்பட்டால் சொத்து யாருக்குத் திரும்பும்? இதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இந்த ஐந்தாவது படியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் போனாலே போதும்.

விக்டோரியா ஹால் சொல்லும் பாடம்

ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா பொது அரங்கம்தான் பழைய மெட்ராஸின் டவுன் ஹால். 1883-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். செலவுக்கு ஜமீன்தார்களும் ஊர்ப் பெரியவர்களும் நன்கொடை தந்தார்கள்.

கட்டிடம் அறக்கட்டளையின் கையில். நிலமோ நகராட்சியுடையது. பெயரளவு வாடகைக்கு 99 ஆண்டு குத்தகை. அன்றைக்கு எல்லோருக்கும் நியாயமாகத் தெரிந்த ஏற்பாடுதான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் அங்கே அரங்கேறின. 1897-ல் விவேகானந்தர் அங்கே பேசினார். சென்னையின் ஆரம்பகாலத் திரைப்படக் காட்சிகளும் அங்கே நடந்தன.

ஆனால் 99 ஆண்டுகள் ஒருநாள் முடியத்தானே செய்யும்? குத்தகைக் காலம் தீர்ந்ததும் கட்டிடம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அறக்கட்டளையும் மாநகராட்சியும் நீதிமன்றம் போயின. இழுபறி நீடித்த காலத்தில் கட்டிடமும் பாழடைந்தது. கடைசியில் அரங்கம் மாநகராட்சி வசம் வந்தது. பிறகு சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சீரமைப்புப் பணிகள் எடுக்கப்பட்டன.

இதில் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. நிலம் ஒருவரிடம், கட்டிடம் இன்னொருவரிடம், பழுதுபார்க்கும் கடமை யாரிடம் என்று தெரியாத நிலை. இப்படி ஓர் ஏற்பாட்டில் நல்ல எண்ணம் மட்டும் இருந்து பயனில்லை.

தமிழ்நாட்டில் இப்போது என்ன நடைமுறை?

நம் ஊரில் பொது அரங்கங்கள் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. நான்கு வழிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, நேரடி நிர்வாகம். பெரும்பாலான சமுதாய நலக்கூடங்கள் இப்படித்தான். மாநகராட்சியோ நகராட்சியோ வாடகை நிர்ணயித்து, தானே முன்பதிவு செய்கிறது. வாடகை குறைவு என்பது பெரிய நன்மை. ஏழைக் குடும்பத்துக் கல்யாணம் நடக்கிறது. ஆனால் வசூலாகும் பணம் பொது நிதியில் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தக் கூடத்தின் உடைந்த குழாயைச் சரிசெய்யத் தனியாக நிதி ஒதுக்கீடு வரக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு, நிறுவன வடிவம். நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தை நடத்துவது தமிழ்நாடு வர்த்தக மேம்பாட்டு அமைப்பு. இது மத்திய அரசின் இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பும் (51 சதவீதம்) தமிழக அரசின் டிட்கோவும் (49 சதவீதம்) சேர்ந்த கூட்டு நிறுவனம். தொழில்முறை நிர்வாகம் இருக்கும், வருமானமும் வரும். ஆனால் தெருமுனை நாடகக் குழுவுக்கு அங்கே இடம் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

மூன்று, திட்ட நிறுவனம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றிலும் மாநில அரசும் மாநகராட்சியும் சம பங்கு வைத்த நிறுவனம் தொடங்கப்பட்டது. மதுரை தமுக்கம் மைதானத்தில் எழுந்த மாநாட்டு மையம் இந்தத் திட்டத்தில் வந்ததுதான். 2025 மார்ச் 31-ம் தேதியோடு ஸ்மார்ட் சிட்டி திட்டம் முடிந்துவிட்டது. இப்படிக் கட்டப்பட்ட சொத்துகளை நீண்டகாலத்துக்கு யார், எந்தப் பணத்தில் பராமரிப்பது என்பது எல்லா நகரங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நான்கு, சட்டப்படி அமைந்த குழு. பலருக்கும் தோன்றாத உதாரணம் கோயம்பேடு! அரங்கம் இல்லைதான், மார்க்கெட். ஆனால் நிர்வாக வடிவம் இங்கே பேசும் விஷயத்துக்கு ரொம்பவே நெருக்கம். சிஎம்டிஏ கட்டிய அந்த வளாகத்தை 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த அங்காடி நிர்வாகக் குழு கவனிக்கிறது. கடைக்காரர்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அதன் முக்கிய வருவாய். கோயம்பேட்டுக் குப்பை பற்றி ஆயிரம் புகார் இருக்கலாம். ஆனால் புகாரை யாரிடம் சொல்வது என்பதில் குழப்பம் கிடையாது.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?

1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க 18 பணிகளை 12-வது அட்டவணையில் பட்டியலிட்டது. பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற வசதிகளும், கலாசார, கல்வி மேம்பாடும் அதில் வருகின்றன. ஆக, பொது அரங்கம் என்பது உள்ளாட்சியின் வேலை.

இங்கேதான் ஒரு சிக்கல். தனி ஆணையம் அமைத்தால், கவுன்சிலரின் அதிகாரம் அதிகாரிகள் நிரம்பிய ஒரு குழுவுக்குப் போய்விடாதா? நியாயமான கேள்வி. நகர நிர்வாகம் பற்றி எழுதுபவர்கள் பலர் தனி நிறுவனங்கள் மீது வைக்கும் விமர்சனமும் இதுதான். எனவே ஆணையம் வந்தாலும், ஆண்டு அறிக்கை, வாடகை விகிதம், கடன் வாங்குவது ஆகிய மூன்றும் மன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதி எழுதுவது அவசியம்.

கடன் வாங்கலாமா?

ஆணையங்களின் பெரிய ஈர்ப்பே இதுதான். எதிர்கால வருமானத்தைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிடலாம். இது நமக்குப் புதிது இல்லை. 2001-லேயே மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தச் சாலையில் சுங்கக் கட்டணம் வசூலானது.

"வருமானத்திலிருந்துதான் கடனை அடைப்போம், நகரத்துக்குப் பாரம் இல்லை" என்று காகிதத்தில் எழுதிவிடலாம். நடைமுறை வேறு. மேலே சொன்ன அதே ஜெஃபர்சன் கவுன்டி, கழிவுநீர்த் திட்டத்துக்கு வாங்கிய கடனில் மூழ்கி 2011 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. அந்தக் கடனும் கழிவுநீர்க் கட்டண வருவாயிலிருந்து அடைக்கப்பட வேண்டியதுதான். அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அன்றைய தேதிக்கு அதுதான் மிகப் பெரிய திவால்.

அரங்கத்தில் வருஷத்துக்கு எத்தனை நாள் நிகழ்ச்சி நடக்கும் என்று கூட்டிச் சொல்வது சுலபம். அந்தக் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் கடைசியில் சுமப்பது சொத்து வரி கட்டுகிறவர்தான்.

நல்ல ஆணையத்துக்கு என்னென்ன விதிகள் வேண்டும்?

நிர்வாகக் குழுவில் அதிகாரிகள் மட்டும் இருந்தால் போதாது. மக்கள் பிரதிநிதி, கலைஞர்கள், கணக்குத் தெரிந்தவர், அந்த வட்டாரவாசி ஆகியோருக்கு இடம் வேண்டும்.

குழுவில் இருப்பவரின் குடும்பத்தினர் அரங்கத்தில் கேட்டரிங்கோ, பந்தலோ, ஒலி ஒளி அமைப்போ ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 முதலே தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த நடைமுறை ஆணையத்துக்கும் பொருந்த வேண்டும்.

வாடகை இரண்டு அடுக்காக இருக்கலாம். கார்ப்பரேட் நிகழ்ச்சிக்கு ஒரு விலை, பள்ளிக்கும் சிறு நாடகக் குழுவுக்கும் வேறு விலை. ஆண்டில் இத்தனை நாள் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டால், "தேதி இல்லை" என்ற ஒற்றை வரியில் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

வருமானத்தில் ஒரு பங்கு பராமரிப்பு நிதிக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். அதை வேறு செலவுக்குத் தொடக் கூடாது.

முன்பதிவு நாட்காட்டி ஆன்லைனில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். யாருக்கு எந்தத் தேதி போனது என்பது தெரிந்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும்.

ஆர்.டி.ஐ. பொருந்துமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி, சட்டத்தாலோ அரசின் அறிவிப்பாலோ உருவான அமைப்பு பொது அதிகார அமைப்பு. அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள, கணிசமாக அரசு நிதி பெறும் அமைப்புகளும் அதில் அடங்கும். ஆனால் அரசு வெறுமனே மேற்பார்வை செய்தால் அது போதாது என்று 2013-ல் கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அறக்கட்டளை, சங்கம் போன்ற வடிவங்களில் இதுவே வாக்குவாதத்துக்கு வழி விடும். சட்டப்படி உருவான ஆணையத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

மக்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பகுதியில் புது அரங்கமோ சமுதாயக்கூடமோ அறிவிக்கப்பட்டால், "எப்போ கட்டி முடிப்பீங்க?" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது? நடத்தப்போவது யார்? வாடகையை நிர்ணயிப்பது யார்? பராமரிப்புக்கு எந்தப் பணம்? கணக்கை யார் தணிக்கை செய்வார்? இந்த ஐந்தையும் பகுதி சபைக் கூட்டத்திலோ வார்டு கவுன்சிலரிடமோ கேட்கலாம். பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ. மனு இருக்கிறது.

ஊருக்குப் பொதுவான இடத்துக்கு மன்றம், பொதியில், அம்பலம் என்று தமிழில் பழைய பெயர்கள் நிறைய உண்டு. அந்த மன்றத்து மரத்தடிக்கு விதிப்புத்தகம் தேவைப்படவில்லை. பல கோடி ரூபாய் வரிப்பணத்தில் எழும் கட்டிடத்துக்குக் கட்டாயம் தேவை. அதை அடிக்கல் நாட்டும் முன்பே எழுதிவிடுவது நல்லது. கட்டி முடித்த பிறகு எழுதுவதென்றால், விக்டோரியா ஹாலுக்கு நடந்த மாதிரி, அது நீதிமன்றத்தில்தான் முடியும்.